பொட்டாஷ் தின்ற தூண்கள்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு புதுமனை புகுவிழா. பாயசக் கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை முட்டியால் கூடத்துத் தூணைத் தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியதும் என் கணவர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "போற எடத்துலயெல்லாம் ஏன் இப்படி மானத்த வாங்குற?" என்றார். கட்டடப் பொறியாளரைக் கட்டிக்கொண்டவர் இதையெல்லாம் சகித்துத்தான் ஆக வேண்டும். தூணுக்கு வாயா இருக்கிறது? தட்டினால்தானே சொல்லும்.

கொல்லைப்பக்கம் நிறுத்திவைத்தார். அங்கே ஈரம் காயாத சிமென்ட் வாசனை. அவ்வளவுதான், பாயசம் ஆறிப்போனது. நான் நினைப்பில் முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் தெருவுக்குப் போய்விட்டேன்.

நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் தெருவில் ஒரு கான்கிரீட் கட்டடம் இருந்தது. விவசாயக் கூலிகளின் சங்கக் கூடம். சுற்றிலும் கீற்று வீடுகள், நடுவில் அது மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அறுப்புக் கூலியாக வந்த நெல்லில் வீட்டுக்கு ஒரு மரக்கால் ஒதுக்கிக் கட்டியது. ஓடு போட்டால் போதாதா என்று வெளியூர்க்காரர் யாரோ கேட்டாராம். "தீ வச்சா எரியக் கூடாதுங்க" என்றார்களாம் எங்கள் ஆட்கள். அதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை.

என் அம்மாவின் தங்கை அஞ்சம்மாள் சித்தி, வயிற்றில் பிள்ளையோடு அந்தத் தளத்துக்குச் சட்டி சட்டியாகக் கலவை சுமந்தவள். கூடத்தைப் பற்றி யார் என்ன பேசினாலும் "நான் போட்ட தளம்" என்றுதான் ஆரம்பிப்பாள். பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கருங்கல்லுக்கு மட்டும்தான் வரலாறு உண்டா? எங்கள் வரலாறு கம்பியும் ஜல்லியுமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒழுகாத இடம் என்பதால் தெருவில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள் எல்லோரும் உர மூட்டைகளை அங்கேதான் அடுக்கினார்கள். மனிதர்கள் நனைந்தாலும் உரம் நனையக் கூடாது என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. செங்கல் பொடி போலச் சிவந்த பொட்டாஷ் மூட்டைகள் கிழக்கு வரிசைத் தூண்களில் சாய்ந்திருக்கும். அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துதான் நாங்கள் டிவி பார்த்தோம். பொட்டாஷ் ஒரு வகை உப்பு. அது கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்னும் என்பது ஒருவருக்கும் தெரியாது. சித்திரை வெயிலிலும் அந்தத் தூண்களின் அடி ஈரமாக இருக்கும். தூண் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சாய்ந்துகொள்வோம்.

நான் படிப்பு முடித்துத் தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் தூண்கள் வெடித்துக் கம்பி வெளியே தெரிந்தது. ஓர் அதிகாரி வந்து வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "இது ஆயுசு முடிஞ்ச கட்டடம். இடிச்சுட்டுத் தகரக் கொட்டகை போட்டுக்கலாம்." கூடம் நின்றது புறம்போக்கில். இடித்தால் மறுபடி ஒரு செங்கல்லையும் அங்கே வைக்க விட மாட்டார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"இடிஞ்சு விழுந்தா யாரும்மா பொறுப்பு?" என்றார்.

"விழுந்தா எங்க மேலதானே விழும்? நீங்கதான் உள்ளாறயே வரலீங்களே" என்றாள் சித்தி.

அவர் உள்ளே வந்தார். நான் சுத்தியலால் கிழக்குத் தூண்களைத் தட்டிக் காட்டினேன். அடியில் பொத்தென்று ஒலித்தது, மூட்டை உயரம் தாண்டியதும் கணீரென்றது. மற்ற வரிசைகள் அடியிலிருந்தே கணீர். "வயசானா எல்லாத் தூணும் கெட்டிருக்கணும் சார். இது வயசு இல்ல, பொட்டாஷ்" என்றேன். நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் "மழைக்கு முன்னாடி சரிபண்ணிக் காட்டுங்க. இல்லன்னா இடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தென்னங்கட்டைகளால் உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்தோம். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்தோம். இற்றுப்போன கம்பியை வெட்டிப் புதிது கட்டினோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு, கலவைக்கு ஆகாது, ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்றேன். பெண்கள் குடம் குடமாகச் சுமந்தார்கள். "தூணுக்கு மட்டும் காவேரித் தண்ணி, நமக்கு எப்போடி?" என்று ஒருத்தி கேட்க, குடங்கள் தளும்பச் சிரித்தார்கள். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி நாள் முழுதும் நனைத்தோம். மேல்தளத்துக்குப் புதுப் பூச்சுப் போட்டு, அது வெடிக்காமல் இறுகத் தண்ணீர் நிறுத்த வேண்டுமென்று வயல் மண்ணால் வரப்புக் கட்டினார்கள். நடவு ஆட்கள் கட்டிய வரப்பு, ஒரு சொட்டுக் கசியவில்லை. மண்ணோடு வந்த நெல் முளைத்துவிட்டது. ஒரு சென்ட் நிலம் இல்லாத சித்தி மாடியில் இடுப்பில் கைவைத்து நின்று, "பாத்துக்கடி, எங்க குறுவை" என்றாள். களை பிடுங்குவது போல அதைப் பிடுங்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மழைக்கு முன் முடித்தோம். அதிகாரி மறுபடி வந்து ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் அடியிலிருந்தே கணீரென்றது; இடிக்கிற பேச்சை விட்டுவிட்டுப் போனார். கூடம் நிற்கிறது. உர மூட்டைகளைத் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிட்டோம்.

பழைய நாட்களை நினைத்து உருகுகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. முன்பெல்லாம் ஐப்பசியில் எங்கள் தெருவில் சாவு விழுந்தால், கீற்று ஒழுகும். நாலு பேர் பிணத்துக்கு மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். கூடத்தில் பிணம் வைக்க முன்பு எங்கள் தெருப் பெரியவர்களே சம்மதிக்க மாட்டார்கள். அந்த வழக்கத்தைச் சண்டை போட்டு மாற்றினோம். தார்ப்பாய் பிடிக்கும் வேலை இப்போது எங்கள் தெருவில் இல்லை. போனது போகட்டும், திரும்பி வரவே வேண்டாம்.

போன ஐப்பசியில் சித்தி போய்விட்டாள். விடாத மழை. கூடத்தின் நடுவில் கிடத்தினோம். எல்லோருக்கும் இரண்டு கையும் சும்மா இருந்ததால் மாரடித்து அழ முடிந்தது. ஒரு சொட்டு அவள் மேல் விழவில்லை.