முப்பது மஞ்சள் சேலையும் ஒரு வாளித் தண்ணீரும்

இணையத்தில் சேலை விற்கத் தொடங்கிய புதிது. மலேசியாவின் ஜெராமில் எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கும் முப்பது பெண்கள் என்னிடமே மஞ்சள் சேலை கேட்டிருந்தார்கள். கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரியை வாட்ஸ்அப்பில் பிடித்தேன். அவர் அனுப்பிய சாம்பிள் சேலை பூப்போல இருந்தது.

திருவிழாவுக்கு ஐந்தே நாள். “இப்பவே கன்ஃபர்ம் பண்ணுங்கக்கா, வேற ஆளு கேக்குறாங்க லா” என்று அவர் விடாமல் அழைத்தார். ‘சரி’ என்று தட்டிவிட்டு அனுப்பப் போனேன்.

பால்குடம் எடுக்கவிருந்த என் நாத்தனார் கலா, அந்தச் சேலையைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, குளிச்சிட்டு ஈரத்தோடதானே குடம் தூக்குவோம்? இது தாங்குமா?”

குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சேலைக்குள்ளே பாவாடையின் பூக்களை எண்ண முடிந்தது. முப்பது பெண்களும் என்னை நம்பி, இப்படியே ஊர் நடுவில் நடந்திருப்பார்கள். மூன்று வருடம் பால்குடம் எடுத்த எனக்கே அது தோன்றவில்லை!

‘சரி’யை அழித்தேன். இரண்டு நாள் கடை கடையாக அலைந்து கெட்டிப் பருத்திச் சேலைகள் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் சாம்பிள் சேலை வந்தால், படம் பிடிக்கக் கைப்பேசியைத் தேடுவதில்லை. முதலில் வாளியைத்தான் எடுக்கிறேன்.