ஈரவேட்டிக்காரர் பேரன்

என் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஈரவேட்டி என்று சொன்னால் போதும், "அட, அவரு பேரனா நீ?" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். சரி, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. ஆளுக்கொரு கதை. அத்தனை பேரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொல்வார்கள்.

அப்பாவுக்கு எண்பத்து நாலு வயது முடிவதற்குள் எங்கள் குடும்பத்தின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர். அவர் இருந்த கோட்ரஸில், அதாவது துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில், பாதிப் பேர் ஒரே வட்டாரம். எல்லாரும் பிள்ளைக்குக் குலசாமியின் பெயரைத்தானே வைப்பார்கள்? கூப்பிட்டால் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு பட்டப்பெயர். கோழிக்கால், பழையசோறு, இவர் ஈரவேட்டி. பழைய கப்பல் பயணிகள் பட்டியலைப் புரட்டினால் தாத்தாவின் பெயரில் அந்த ஆறு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். இவர்களில் ஈரவேட்டி யார் என்று காகிதம் சொல்லுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவையே கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டேன். "அந்தப் பேரு புத்தகத்துல வந்துச்சுன்னா நான் அதைக் கையால தொடமாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை தேக்கா சந்தையில் பழைய கூட்டாளி ஒருவர் "ஈரவேட்டி மகன்தானே நீ!" என்று தோளைத் தட்டியதற்காக, வாங்கிய மீனை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் அவர். எனக்கோ அந்தப் பெயரை விட்டால் தாத்தாவைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை. போட்டால் அப்பா தொடமாட்டார், போடாவிட்டால் புத்தகம் எதற்கு? கௌரவமாக ஒரு காரணம் கிடைத்தால் அப்பாவை மசிய வைக்கலாம் என்று நினைத்தேன்.

சிராங்கூன் ரோட்டில் முன்பு பூக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், தாத்தா தீமிதிக்கு விரதம் இருந்து ஈர வேட்டியோடே வேலைக்குப் போவார் என்றார். ஆகா, இது போதும் என்று சந்தோஷமாக எழுதி வைத்தேன். மறுவாரம் ஈசூனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனால், "தீமிதியா? உங்க தாத்தா கோயில் பக்கமே போக மாட்டாரு. ஆத்துல விழுந்த சீனன் பிள்ளையைக் குதிச்சுத் தூக்கினாருலா!" என்றார். எந்த ஆறு என்று கேட்டேன். "ஏதோ ஒரு ஆறு" என்றார். ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய் வந்ததற்கு ஏதோ ஒரு ஆறு!

கடைசியாகத் தோ பாயோவில் இருக்கும் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. தங்கையைப் பார்க்கலாம் என்றதும் அப்பாவும் கிளம்பிவிட்டார். புது சோபாவில் அவரை உட்கார வைத்து, அத்தை தேத்தண்ணீர் கொடுத்தார். நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"அதுவா? அவருகிட்ட இருந்ததே ஒரே ஒரு நல்ல வேட்டிலா. துவைச்சா காயாது. அப்படியே கட்டிக்கிட்டுப் போவாரு. சரியான கஞ்சம்!" என்று அத்தை சிரித்தார்.

"அத்தை, நீங்க பாத்தீங்களா?"

"நான் அப்பப் பொறக்கவே இல்லையே!"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. "நீங்களாவது வாயைத் திறங்கப்பா" என்றேன். அப்பா எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. கால்சட்டையும்.

சில மாதமாகவே அவருக்கு அடக்க முடிவதில்லை. டயப்பர் போடச் சொன்னால் கேட்பதில்லை. அன்றைக்கு எனக்கு எங்கெங்கோ சேர்ந்திருந்த கோபம் எல்லாம் அவர் தலையில் இறங்கியது. "சொல்லக் கூடாதாப்பா? எத்தனை தடவை டயப்பர் போடச் சொன்னேன்? சின்னப் பிள்ளையா நீங்க?" அத்தையின் மருமகள் துணி எடுக்க உள்ளே ஓடினார். அத்தையின் பேரப்பிள்ளைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார்.

டாக்சி இருக்கையில் செய்தித்தாளை விரித்து அவரை உட்கார வைத்தேன். பாதி வழியில் அவராகவே சொன்னார்.

"எனக்கு எட்டு வயசு. கோட்ரஸ்ல ஒரு கல்யாணம். காய்ச்சல்னு எங்கப்பா என்னைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. மடியிலயே ஒண்ணுக்கு இருந்துட்டேன். எட்டு வயசுப் பையன். எதிர்ல என்கூடப் படிக்கிற பசங்க எல்லாம் இருக்கானுங்க. எங்கப்பா பக்கத்துல இருந்த தண்ணி டம்ளரை எடுத்துத் தன் மடியிலயும் என் மேலயும் கவுத்துட்டாரு. 'அடச்சே, கை தவறிடுச்சு'ன்னாரு. அப்புறம் அந்த வேட்டியோடயே பந்தி பரிமாறினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் கோட்ரஸுல ஒரு தடவை போதும். சாகுற வரைக்கும் ஈரவேட்டிதான்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"அவரே சொல்லல. நான் எப்படிச் சொல்றது?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து அவரைக் குளிக்க வைத்தேன்.

மறுநாள் காலையில் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நேத்து சோபாவுல தண்ணியைக் கொட்டினது நான்தான்."

"என்னடா உளர்றே? எல்லாரும்தானே பாத்தோம்?"

"இல்லத்தை, என் கைதான் தவறிடுச்சு. அப்பா மேலயும் பட்டுடுச்சு. பசங்க கேட்டா அப்படியே சொல்லிடுங்க."

"சரிடா, சொல்லிடுறேன்" என்றார் அத்தை.

போனை வைத்தேன். அப்பா பேப்பரை மடித்தார்.

"உனக்குப் பொய்யே சொல்ல வரலடா" என்றார். "எங்கப்பா யோசிக்கவே இல்ல."