பதினாறு நாள் கவிழ்ந்திருந்த அண்டா

மாயக்காள் இருபத்திரண்டு வருஷமாகக் குளத்துக்கரையில் பருத்திப்பால் விற்றவள். காய்ச்சல் அடித்தாலும் அவள் தள்ளுவண்டி கரைக்கு வந்துவிடும். புருஷன் ஒச்சப்பன் உயிரோடு இருந்தவரை அவளை ஒரு நாள் சும்மா உட்கார விட்டதில்லை. செத்துத்தான் பதினாறு நாள் ஓய்வு கொடுத்தான்.

துட்டி வீட்டில் வியாபாரத்துக்கு அடுப்பு மூட்டக் கூடாது. அண்டாவைக் கழுவி, கரையில் நின்ற வண்டிமேலேயே கவிழ்த்துவிட்டு வீட்டில் முடங்கினாள். மூன்றாம் நாளே கடை போடலாம் என்று சிலர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அந்தப் பதினாறு நாளும் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து கொடுத்தவள் சுண்டல் விற்கும் கண்ணம்மாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளோடு கரைக்கு வந்து நின்றவளுக்குத் தன் வண்டியை நகர்த்தி இடம் விட்டவள் மாயக்காள்தான்.

அந்த நாட்களில்தான் குளத்தைச் சுற்றிப் பூங்கா கட்டும் திட்டத்து ஆட்கள் வந்து, கரைக்கடைகளையெல்லாம் படம் பிடித்துப் போனார்கள்.

இப்போது பூங்கா முக்கால்வாசி முடிந்துவிட்டது. நடைபாதைக்குக் கல் பதித்தாயிற்று. தெற்குக் கரையில் கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள் என்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. பழைய வியாபாரிகளுக்குப் பதினெட்டு சின்னக் கடைகள் உண்டு. தள்ளுவண்டிக்கு இனி இடமில்லை. கண்ணம்மாள் பெயர் இருந்த கடைப் பட்டியலில் மாயக்காள் பெயர் இல்லை.

திட்ட ஆபீஸுக்கு விசாரிக்கப் போனாள். கண்ணம்மாள் துணைக்கு வந்து வாசலில் நின்றாள். அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவளுடைய வண்டிதான், கவிழ்த்த அண்டாவோடு. கீழே எழுதியிருந்ததை அவரே வாசித்தார்: கைவிடப்பட்ட வண்டி.

"கைவிடல சார். வீட்டுக்காரரு தவறிட்டாரு. துட்டிக்குக் கவுத்து வச்சிருந்தேன்."

மனிதர் கெட்டவர் இல்லை. பதினெட்டுக்கு மேல் கடையைக் கூட்ட முடியாது, ஆனால் அவளுக்குப் பின்னால் வந்தவர் யாராவது பட்டியலில் இருந்தால் அவரை எடுத்துவிட்டு அவளைச் சேர்க்க எழுதலாம் என்றார்.

"உங்களுக்கு அப்புறம் வந்தது யாரும்மா?"

பெயர் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அப்படி வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சொல்லாவிட்டால் நாளைக்குப் பிழைப்பு என்ன?

"எல்லாரும் எனக்கு முந்தி வந்தவுகதான் சார்" என்றாள்.

வெளியே வந்ததும் கண்ணம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்ன சொன்னாக மதினி?"

மாயக்காளுக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கையை மட்டும் விடுவித்துக்கொண்டாள்.

"பாப்போம்னாரு. நீ போயி சுண்டலை அவிய வை, நேரமாச்சு."