இருநூற்றுப் பதினெட்டு, இரண்டு தடவை

218218 என்ற எண்ணை ஏழால் வகுங்கள். வந்ததைப் பதினொன்றால், அதில் வந்ததைப் பதின்மூன்றால். மீதியே இல்லாமல் 218 திரும்பி வந்து நிற்கும். இப்போது கைபேசியில் யாரும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் இதைப் பத்து வயதில், கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் கண்டுபிடித்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், திருடி. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு, அம்மாவுடையது 218. மற்றவர்கள் கொழுந்துச் சாக்கில் தங்கள் நம்பரை ஒரு தடவை எழுதுவார்கள். அம்மா மட்டும் சிவப்புப் பெயின்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை எழுதுவாள். எனக்கு அது ஆறு இலக்க எண்ணாகத்தான் தெரிந்தது. வகுத்து வகுத்துப் பார்த்தேன். பெரியம்மாவின் நம்பரையும் இரட்டித்துப் பார்த்தேன்; அதுவும் வகுபட்டது. எந்த மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இரண்டு தடவை எழுதினாலும் அது ஆயிரத்தொன்றால் பெருக்கியதுதான், அந்த ஆயிரத்தொன்று ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் பெருகி வந்தது என்று பிடிபட்ட நாளில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

பண்டாரவளையில் கணிதப் போட்டி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். ஆளைத் தேர்ந்தெடுக்க வைத்த பரீட்சையில், 563563ஐ ஏழாலும், பிறகு பதினொன்றாலும், பிறகு பதின்மூன்றாலும் வகுக்கச் சொல்லியிருந்தது. மற்றவர்கள் பக்கம் பக்கமாகக் கிறுக்கிக்கொண்டிருக்க, நான் 563 என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். சரியான விடைகள் எழுதிய தாள் கணக்கு சாரின் மேசையில் கிடந்ததாம். நான் முன்வரிசை வாங்கில் இருந்தேனாம். போதாதா?

“செய்கை எங்க, வகுத்த வழி எங்க? பாத்துத்தானே எழுதுன?”

“வேற நம்பர் குடுங்க சார், செஞ்சு காட்டுறேன்.”

எனக்கு வாய் நீளம் என்றார். ஒரு நம்பர் கொடுத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்குமா? மறுநாள் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்.

அம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே வந்தாள். எனக்காகச் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, “மன்னிச்சிருங்க சார், இனிமே செய்யமாட்டா” என்றாள். செய்யாததற்கு மன்னிப்பு! போட்டிக்கு வேறொரு பிள்ளை போனாள்.

வீடு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் கத்தினேன். சாரைவிட அவள் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். லயத்தில் எங்கள் அறைக்கு வந்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் ஏன் நம்பர ரெண்டு வாட்டி எழுதுறேன்னு தெரியுமா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

பல வருடங்களுக்குப் பிறகு பெரியம்மாதான் சொன்னாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, சாக்கில் நம்பர் அழிந்துபோய், அம்மா பறித்த ஒருநாள் கொழுந்து வேறொருத்தியின் பேரில் விழுந்துவிட்டது. கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்று நியாயம் கேட்ட அம்மாவைப் பொய்க்காரி என்றார்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் ஒரு வாரம் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அவள் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மலைக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான், ஒன்று அழிந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று, இரண்டு தடவை எழுத ஆரம்பித்தாளாம். நான் அதை ஏழால் வகுத்துக்கொண்டிருந்தேன்.