செவலையின் தீர்ப்பு

ஐயாவு செவலைப் பசுவின் பின்னங்கால்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுகிறார். மடியை வெந்நீரில் கழுவுகிறார். காம்புகளில் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, எண்ணெய் படாத சுண்டுவிரலால், ஆணியில் தொங்கும் கேசட் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறார். ஜானி கேஷ் பாடத் தொடங்கியதும் முதல் பீய்ச்சல் வாளியில் விழுகிறது. ஈப்போவின் புந்தோங் பகுதியில் அப்போது காலை மணி ஆறு.

ஐயாவுக்கு வயது அறுபத்தொன்று. மாடு நான்கு. காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். தலையில் கௌபாய் தொப்பி. அதன் விளிம்பில் கால்பாகத்தைச் செவலை ஒருமுறை தின்றுவிட்டது. மிச்சத்தை அணிந்துகொள்கிறார்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரே மாட்டுப் பால்தான் ஊற்றுவார். இன்னொரு மாட்டுப் பால் ஒரு சொட்டு கலந்தாலும் பிள்ளைக்கு வயிறு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. நான்கு மாட்டுக்கு நான்கு கேன், நான்கு நிற மூடி. செவலைக்குச் சிவப்பு, மயிலைக்குப் பச்சை. மனைவி மாரியம்மா ஒருநாள் இரண்டு மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டார். அன்று அந்த இரண்டு கேன் பாலும் கோயிலுக்குப் போயிற்று. "பாலுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன் பாப்பா. மனுசனுக்குச் சொல்லுவேன்" என்றார் ஐயாவு.

பாப்பா நான்தான். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஈயச் சுரங்க நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அளப்பது என் தொழில்.

சித்தியவானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பிச்சைமுத்து வெள்ளைக்காரத் துரையின் காரோட்டி. ஐயாவு மாமா அதே பங்களாவின் மாட்டுக்காரர். துரை மாலை முழுவதும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு போடுவார். அப்பா கார் கழுவியபடி கேட்டார். இவர் தொழுவத்திலிருந்து கேட்டார். எழுபதாம் ஆண்டில் துரை தோட்டத்தை விட்டுப் போனபோது ஆளுக்கொரு இசைத்தட்டு கொடுத்தார். அப்பாவுக்கு ஜிம் ரீவ்ஸ், ஐயாவு மாமாவுக்கு ஜானி கேஷ். தட்டுகள் கை மாறியிருந்தால் கட்சிகளும் மாறியிருக்கும் என்று நான் ஒருமுறை சொன்னேன். இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு இரு குடும்பமும் ஈப்போவுக்கு வந்தது. சண்டையும் வந்தது. அறுபதுகளின் மிகப் பெரிய பாடகன் யார்? பதினான்கு வருடம், ஞாயிறுதோறும், கோப்பிக்கடையில். இருவருக்கும் பாட்டின் ஆங்கிலம் கால்வாசிதான் புரியும். அது தடையாக இருக்கவில்லை.

ஐயாவு மாமாவின் வாதம் இரண்டு. ஒன்று, இவை மாட்டுக்காரன் பாட்டு. மாடு வைத்திருப்பவன்தான் தீர்ப்பு சொல்லலாம். இரண்டு, ஜிம் ரீவ்ஸ் அறுபத்துநாலிலேயே விமானம் விழுந்து இறந்துவிட்டார்.

"பாதியில போனவன எப்படிலா பத்து வருசத்துக்கும் பெரியவன்னு சொல்றது?"

"செத்தப்புறமும் அவன் புதுப் பாட்டு வந்துகிட்டே இருந்துச்சு மச்சான்" என்பார் அப்பா. "உன் ஆளு உசுரோட இருந்துதான பாடுனான். அது என்னா பெரிய காரியம்?"

இந்த வருடம் செவலை கன்று போட்டதும் நான் கிண்டலுக்கு ஒரு யோசனை சொன்னேன். ஆளுக்கு ஆறு ஞாயிறு, மாற்றி மாற்றி. யார் பாட்டுக்குச் செவலை அதிகம் கறக்கிறதோ அவன் பெரியவன். தோற்றவர் கோப்பிக்கடையில் எழுந்து நின்று "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும். இருவரும் கைகுலுக்கிவிட்டார்கள். நான் இரண்டு இசைத்தட்டையும் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். அளவுக்கோடு போட்ட ஐந்து லிட்டர் கண்ணாடிச் சாடியும் வாங்கி வந்தேன்.

நாள் செல்லச் செல்லப் பால் குறையும். கடைசி ஞாயிறு அப்பாவின் முறை. இந்த வரிசையில் அவருக்குத்தான் நட்டம். கவனித்தேன், சொல்லவில்லை.

பதினோரு ஞாயிறு முடிந்தது. ஐயாவு மாமாவின் ஆறு: மொத்தம் இருபத்தொரு லிட்டர் முந்நூறு மில்லி. அப்பாவின் ஐந்து: பதினேழு லிட்டர் தொள்ளாயிரம். மூன்று லிட்டர் நானூறைத் தாண்டினால் அப்பா ஜெயிப்பார். வியாழக்கிழமை காலை, பால் கலக்காத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துவிட்டார். இதயம்.

அந்த ஞாயிறு கேசட் பெட்டி பாடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பதினைந்தாம் நாள் காலை, வியாழக்கிழமை, ஐயாவு மாமா எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை.

"சாடிய எடுத்துக்கிட்டு வா பாப்பா. நாளைக்குப் பதினாறு. உங்கப்பா கெளம்பிருவாரு. முடிவு தெரியாம போனா பாதி வழியில திரும்பி வந்து சண்ட போடுவாரு லா. எனக்குத் தெரியும் அவர."

ஞாயிறு அல்ல என்றேன். செவலைக்குக் கிழமை தெரியாது என்றார்.

மற்ற மூன்று மாடுகளையும் ஏற்கெனவே கறந்து, கேன்களை மூடி வரிசையாக வைத்திருந்தார். காலைக் கட்டினார். மடியைக் கழுவினார். சுண்டுவிரலால் பொத்தானை அழுத்தினார். ஜிம் ரீவ்ஸ் மெதுவாகப் பாடினார். ஐயாவு மாமா வழக்கத்தைவிட அதிக நேரம் கறந்தார். காம்பு வற்றிய பிறகும் கையை எடுக்கவில்லை. செவலை திரும்பிப் பார்த்தது.

சாடியில் ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்தோம்.

"எவ்வளவு?"

"மூணு லிட்டர் நூத்தம்பது, மாமா."

"கண்ணாடிய நல்லாத் தொடச்சியா?"

"தொடச்சேன்."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தேன். அதே அளவு. கால் லிட்டர் குறைவு. மாமாவின் பாடகர் ஜெயித்திருந்தார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு.

ஐயாவு மாமா எழுந்தார். தொப்பியைக் கழற்றி, செவலையின் கண் மறையும்படி அதன் கொம்பில் மாட்டினார். பிறகு மயிலையின் பச்சை மூடியைத் திறந்து, ஓர் அகப்பை நிறைய மொண்டு சாடியில் ஊற்றினார். குனிந்து அளவுக்கோட்டைப் பார்த்தார். இன்னொரு அகப்பை ஊற்றினார்.