நான் வாயை மூடிக்கொண்டிருந்த பத்து நிமிடம்

கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசிப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுகிற ஆள். அப்படிப்பட்ட என்னிடம்தான், மென்ட்டார் என்று பெயர் போட்டு, அந்தப் பெண்ணை ஒப்படைத்தார்கள்.

தறிக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்துப் பெண், இரண்டாம் ஆண்டு. அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. டாக்டர் கொடுத்த சான்றிதழ் ஃபைலிலேயே இருந்தது. யாரும் திறந்து பார்த்ததில்லை, நான் உட்பட. கணக்கில் புலி. ஆனால் போன செமஸ்டரில் ஒரு பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஹாலை விட்டு வெளியே போய்விட்டாள். அவள் அம்மா என் எதிரிலேயே கண்டிப்பாகச் சொன்னார்: "இன்னொரு வாட்டி இப்டி எழுந்து வந்தியானா காலேஜே வேணாம்மா. தறியில உக்காந்துடு." அவளுக்கோ ஆடிட்டர் ஆக வேண்டும். அடுத்த பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

பிரின்சிபாலிடம் பேச வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு மனு எழுதினேன். இந்த மாணவியால் சத்தத்தைத் தாங்க இயலாது, தனி அறை ஒதுக்க வேண்டுகிறேன் என்று. எழுதிவிட்டுப் பெருமையாக நீட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். பேனாவை எடுத்து முதல் வரியை அடித்துவிட்டாள்.

"இது உண்மை இல்ல மேடம்."

"எதும்மா?"

"சத்தம் தாங்க முடியாதுன்றது. எங்க வூட்ல ரெண்டு தறி ஓடுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெனக்கெட்டு எழுதியவள் நானல்லவா? "அப்ப நீயே எழுதிக்கோ" என்றேன். என் எரிச்சலை அவள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. "சரி மேடம்" என்று மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து, தானே எழுதிய ஒரே ஒரு தாளோடு வந்தாள். கூடவே ஒரு நிபந்தனை. "நீங்களும் வாங்க மேடம். ஆனா பேசக் கூடாது. நான் யோசிக்கும்போது யாராச்சும் பேசினா, திரும்ப மொதல்லேர்ந்து யோசிக்கணும்."

எங்கள் பிரின்சிபால் நல்ல மனிதர். உள்ளூர்க்காரர், அவரும் தறிக்கார வீட்டுப் பிள்ளைதான். தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இந்த ஊரில் யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"ஏம்மா, தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்த பொண்ணு நீ. தெருவே அதிருது, அங்க உக்காந்துக்கினு படிக்கிற. ஹால்ல என்ன சத்தம் அப்படி?"

என் மனுவாக இருந்தால் அதோடு காலி. அவள் யோசிக்க ஆரம்பித்தாள். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. என் நாக்கு நுனியில் மூன்று பதில்கள் ரெடி. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மேடம்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

பிறகு அவள் பேசினாள்.

"தறிச் சத்தம் எப்ப வரும்னு எனக்குத் தெரியும் சார். கால் மிதிச்சா நூலை எடுத்துக்கினு நாடா குறுக்க போவும், அப்புறம் பலகை அடிக்கும். மாறாது. ஹால்ல திடீர்னு மணி அடிக்கிறாங்க. பின்னாலேர்ந்து வந்து தோள்ல கை வெச்சு கையெழுத்து கேக்குறாங்க. எப்ப வருமோன்னு காத்துக்கினே இருந்தா எழுத முடியல. தனி ரூம் வேணாம் சார். எந்தெந்த நேரம் மணி அடிப்பாங்கன்னு போர்டுல எழுதுங்க. கடைசி வரிசையில, செவுத்துப் பக்கம் உக்கார வைங்க. கையெழுத்து கேக்குறவங்க முன்னால வந்து நின்னு கேட்டா போதும்."

பிரின்சிபால் மேசையிலிருந்த தாளை எடுத்துப் படித்தார். "சின்ன வயசுல மதியம் தூங்குவேன்" என்றார் மெதுவாக. "தறி ஓடுற வரைக்கும் நல்லா தூங்குவேன். நின்னுதுன்னா முழிப்பு வந்துடும்." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என்ன வேண்டும் என்பதை, ஒரு சொல் கூடாமல் குறையாமல் கேட்க எனக்கு இந்த வயதிலும் வராது. நான் அவளுக்காகக் கேட்டிருந்தால் அவளுக்குத் தேவையே இல்லாத ஓர் அறையைத்தான் வாங்கித் தந்திருப்பேன்.

பரீட்சை அன்று எனக்கு ஹால் டியூட்டி இல்லை. ஆனாலும் வராந்தாவில் தவித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் கதவைப் பார்த்தேன். அவள் வெளியே வரவில்லை. மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதிவிட்டு, எல்லாரும் போன பிறகு கடைசியாக வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படி எழுதினாய் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"ரெண்டாவது மணி மூணு நிமிஷம் லேட்டு மேடம். போர்டுல எழுதின நேரத்துக்கு அடிக்கல. இப்பவே போய் பிரின்சிபால் சார்கிட்ட சொல்லணும்."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு நடக்க ஆரம்பித்தேன். அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு மேடம்? நான் மட்டும் போறேன்."