தெலுங்கு கேட்டால் திருப்ப வேண்டும்

இது நடந்தது. ஆம்பூரில், 2005-ஆம் வருஷம், அக்டோபர் 10-ஆம் தேதி, திங்கட்கிழமை ஆரம்பித்தது. பேய் என்றால் நடுச்சாமம், வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். இது பட்டப்பகல் இரண்டு மணிக்கு, சோற்றில் ரசம் ஊற்றுகிற நேரத்தில் வந்தது. கேத்தரின் தன் வாயால் என்னிடம் சொன்னது. பொய் சொல்லி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சொன்னதால் அவளுக்குத்தான் கேவலம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கேத்தரின் நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கணவர் சாந்தகுமார் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். பிள்ளைகள் இல்லை. 2004 ஜூலையில் ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். பேச்சு போயிற்று. கையும் காலும் போயின. வலது கைக் கட்டைவிரல் ஒன்று மட்டும் மிஞ்சியது. கேத்தரின் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாள்.

கட்டிலுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தவர் அப்துல் கஃபார். மேல்விஷாரத்துக்காரர், ஆம்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். சாந்தகுமாருக்குப் பழைய தோஸ்த். உள்ளே டிவி கார்டு ஒன்றைச் சொருகி, கேபிள் வயரை அதில் மாட்டிவிட்டார். டிவியும் அதிலேயே, சிடியும் அதிலேயே. கூடவே சோப்புக்கட்டி அளவில் ஒரு ரிமோட். மானிட்டர் மேல் ஒட்டிய சின்னக் கறுப்புக் கண் ஒன்று அதன் பேச்சைக் கேட்கும். எண்ணை அழுத்தினால் திரையின் வலது மூலையில் பச்சை நிறத்தில் அது பெரிதாகத் தெரியும்.

அந்த ரிமோட்தான் சாந்தகுமாருக்கு வாய் ஆனது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஒன்றாம் நம்பர், தண்ணீர். அது நியூஸ் சேனல். இரண்டாம் நம்பர், பெட்பேன். அது பாட்டு சேனல். பாட்டைக் கேட்டதும் பெட்பேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அவர் கண்ணால் சிரிப்பார். மூன்றாம் நம்பர், திருப்பிப் படுக்க வை. அது ஒரு தெலுங்கு சேனல். கேத்தரின் அடுப்படியில் இருந்தாலும் சரி, கொல்லையில் துணி துவைத்தாலும் சரி, தெலுங்கு காதில் விழுந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாள். மல்லாக்க, வலது, இடது. ராத்திரி பகல் கிடையாது. நேரத்தைக் காலண்டரில் எழுதிவைப்பாள். பதினான்கு மாதம் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதே இல்லை. ஒரு புண் வரவிடவில்லை. ஊரே மெச்சியது.

செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை, சாந்தகுமார் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அது உண்மை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ரிமோட்டிலிருந்த பென்சில் செல் இரண்டையும் உருவினாள். ஒன்றை நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டாள். ரிமோட்டை பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள். கம்ப்யூட்டர் பக்கம் ஒரு மாதம் போகவே இல்லை.

அக்டோபர் 10. முதல் நாள் ராத்திரியிலிருந்து நல்ல மழை. மதியம் கொஞ்சம் விட்டது. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கல்யாண சிடியைப் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் தட்டோடு உட்கார்ந்தாள். திரையில் கோட்டு சூட்டில் சாந்தகுமார் மோதிரம் போடக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

டக்.

படம் போய்விட்டது. டிவி வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் தெலுங்கில் அழுதுகொண்டிருந்தாள். வலது மூலையில் பச்சையாக, பெரிதாக...

3.

கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இரண்டு.

சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள். பழக்கதோஷம். கட்டில் பக்கம் திரும்பி, "இதோ வர்றேங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. கட்டில் காலியாக இருந்தது. மவுஸைப் பிடித்து டிவியை மூடினாள். மழை ஈரத்தில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு மறுபடி தெலுங்கு கேட்டது.

ஆறு மணிக்கும் கேட்டது.

மறுநாள் காலை கஃபார் கடைக்குப் போனாள். நேரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தானாகச் சேனல் மாறுகிறது என்று மட்டும் சொன்னாள். அவர் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.

"ஒண்ணுமில்லக்கா. பக்கத்து வீட்ல எவனாவது இதே மாடல் ரிமோட் வெச்சிருப்பான். அவன் அமுக்குனா இது கேக்குது. இதுக்குப் போயி பேஜார் ஆயிக்கினு..."

மானிட்டர் மேலிருந்த கறுப்புக் கண்ணை வயரோடு பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கண்ண எடுத்தாச்சு. இனிமே எவன் அமுக்குனாலும் வராது."

கடிகாரம் பத்தைத் தொட்டது.

டக்.

3.

தெலுங்கில் ஒருவர் நகைக்கடை விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கஃபார் தன் கையைப் பார்த்தார். கண் அங்கேதான் இருந்தது. அவர் உதடு ஏதோ ஓதியது.

"அக்கா... ரிமோட் எங்க?"

பீரோவைத் திறந்து காட்டினாள். செல் இல்லாத ரிமோட். அவர் அதைத் தொடவில்லை.

"மெஷின நான் எடுத்துக்கினு போயிர்றேன். கடைல கெடக்கட்டும்."

"வேணாம்."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"வேணாம்ணே. அவரு கூப்ட்டா எனக்குக் கேக்கணும்."

கஃபாருக்கு அது புருஷனை இழந்தவளின் பேச்சாகத்தான் பட்டிருக்கும். உண்மையான காரணம் கேத்தரினுக்கு மட்டுமே தெரியும். இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 13. பகல் பன்னிரண்டு மணிக்கு அவரை வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். இரண்டு மணிக்கு இடது. சரியாக இரண்டுக்கு அவர் மூன்றை அழுத்தினார். தெலுங்கு கேட்டது. கேத்தரின் கூடத்தில் பாயில் தலையைச் சாய்த்திருந்தாள். முந்தைய இரண்டு ராத்திரியும் தூக்கமில்லை. "அஞ்சு நிமிஷங்க" என்றாள். கண்ணை மூடினாள்.

விழித்தபோது மூன்று இருபது. தெலுங்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வலது பக்கமாகவே கிடந்தார். உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது. கட்டைவிரல் மூன்றாம் நம்பர் பட்டன் மேலேயே இருந்தது.

இதை அவள் கோயிலில் ஃபாதரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பதினான்கு மாதம் பார்த்த பணிவிடையை அந்த ஐந்து நிமிஷம் தின்றுவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. போகிற நேரத்தில் தன்னை என்ன நினைத்துக்கொண்டு போனார் என்ற ஒரே கேள்விதான் அவளுக்கு. அதற்குத்தான் பதில் வந்திருக்கிறது என்று நம்பினாள். குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறார்.

அன்று முதல் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூன்று வந்தது. பிந்தவும் இல்லை, முந்தவும் இல்லை. ஒன்று வரவில்லை. இரண்டு வரவில்லை.

மூன்றுதான்.

புதன்கிழமை மதியம், இரண்டு மணி. இனித் தாங்காது என்று கட்டிலருகே போனாள். காலி மெத்தையில் தலையணையை வைத்தாள். தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து, வழக்கம்போல இடது பக்கம் புரட்டினாள்.

"திருப்பிட்டேங்க. போதுமா..."

தெலுங்கு நிற்கவில்லை.

"மன்னிச்சிருங்க. தெரியாம தூங்கிட்டேன்..."

நிற்கவில்லை.

பச்சை எண் மட்டும் ஒரு முறை அணைந்து எரிந்தது.

3.

மறுபடி அழுத்தியது போல.

3.

3.

அவசரமாக.

3... 3... 3...

இரவிலும் விடவில்லை. பன்னிரண்டு. இரண்டு. நான்கு. கட்டிலில் தலையணையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது. பத்து நாளில் பாதியாக இளைத்துப்போனாள். கஃபார் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார், உள்ளே வரவில்லை.

அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் திட்டவில்லை. "நீ தூங்கினது பாவம் இல்லம்மா, அசதி" என்றார். மறுநாள் காலை சாந்தகுமாருக்காகப் பூசை வைத்தார்.

22-ஆம் தேதி, சனிக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தாள். பத்து மணிக்கு மூன்று வந்தது. பன்னிரண்டுக்கும் வந்தது. திரைக்கு எதிரே ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

1:58.

1:59.

2:00.

ஒன்றும் இல்லை.

2:01... 2:05...

திரை சும்மா இருந்தது. நான்கு மணிக்கும் சும்மா இருந்தது. ராத்திரி முழுக்கச் சும்மா இருந்தது. ஞாயிறு காலை அவள் ஓவென்று அழுதாள். மன்னித்துவிட்டார் என்று சந்தோஷத்தில் வந்த அழுகை. வயிறாரச் சாப்பிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து எட்டு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினாள். கஃபாரைக் கூப்பிட்டு, "ஜெபம் கேட்டுச்சுண்ணே" என்றாள். அவரும் அல்ஹம்துலில்லா என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கேத்தரின் மெழுகுவத்தியும் சாமந்தி மாலையும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஊர் ஜனம் முழுக்க அங்கேதான். சாந்தகுமாரின் கல்லறை இன்னும் கட்டப்படவில்லை, வெறும் மண்மேடுதான். ஆனால் மண் புதிதாக இருந்தது. யாரோ சமீபத்தில் கொத்திப் போட்டிருந்தார்கள்.

குழி வெட்டுகிற ரத்தினசாமி அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நெனைக்காதீங்க. ஐயாவப் பெட்டில எப்படி வெச்சீங்க?"

"எப்படின்னா? மல்லாக்கதான். எல்லாரையும் வைக்கிற மாதிரி."

"ஆணி நல்லா அடிச்சாங்களா?"

"நீங்கதானே கூட நின்னீங்க. ஏன்?"

ரத்தினசாமி தலையைச் சொறிந்தார்.

"மழைல மேடு உள்வாங்கிருச்சும்மா. நம்ம ஐயா குழி மட்டும்தான். அக்கம் பக்கத்துல ஒரு குழியும் அசையல. மண்ணு எறங்குனதுல பெட்டி மேல்பலகை ஒடஞ்சி போச்சி. மூடலாம்னு எறங்குனேன். பெட்டி எங்கயும் போவல. வெச்ச எடத்துல வெச்ச மாதிரியே இருக்குது. தண்ணிகூட உள்ள போவல."

"அப்புறம்?"

"ஐயாதான்... மல்லாக்க இல்ல."

கேத்தரின் அந்தப் புது மண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒருக்களிச்சுப் படுத்துனு இருந்தாரு. கோட்டோட முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. வலது தோளு மேல நிக்குது. எடது பக்கமா திரும்பி... கைய மடிச்சி கன்னத்துக்குக் கீழ வெச்சினு."

"எப்போ?" கேத்தரின் கேட்டாள். "எப்போ உள்வாங்குச்சு?"

"போன மாசம் இருவத்திரெண்டாந்தேதி, சனிக்கெழமம்மா. மழைகூட விட்டிருந்துச்சு. நான் அந்த வேப்பமரத்தடியிலதான் கஞ்சி குடிச்சினு இருந்தேன். பொத்துனு சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தா மேடு எறங்கிப் போய் கெடக்குது. மதியம் ரெண்டு மணி இருக்கும்."

கேத்தரின் மெழுகுவத்தியைப் பிடித்தபடியே அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஜெபத்தால் நின்றது என்று நினைத்திருந்தாள். மன்னித்ததால் நின்றது என்று நினைத்திருந்தாள். அவர் குற்றம் சொல்ல வரவே இல்லை. வலித்திருக்கிறது. திருப்பிப் படுக்க வை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பன்னிரண்டு நாள், ராத்திரி பகலாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார். இந்தத் தடவையும் அவள் வரவில்லை.

தானே திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினான்கு மாதம் கட்டைவிரலைத் தவிர எதையும் அசைக்க முடியாமல் கிடந்த மனிதர்.